சிவப்புப் பொத்தானுக்கு இங்கிலீசு தேவையில்லை



இந்தப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக வேலைத்தலத்துச் சங்கதிகளையே எழுதி வருகிறோம். சம்பளச் சீட்டை வாசிப்பது எப்படி, ஓவர்ரைம் கணக்கில் எங்கே கவனிக்க வேண்டும், மெசினில் கை வைக்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் எழுதினோம். இம்முறை தொழிற்சாலையை விட்டுக் கடலுக்குப் போகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோடை தொடங்கினால் நியூ ஜேர்சியில் எங்கள் சனம் தண்ணீரைத் தேடிப் போகும். முன்பு கரையில் நின்று தூண்டில் போட்டதோடு சரி. இப்போது நாலு குடும்பம் சேர்ந்து காசு போட்டுப் பழைய படகொன்றை வாங்குகிறார்கள். பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் றாரிற்றன் குடாவிலும் பார்ணகற் குடாவிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வருகிறார்கள். ரெக்சாஸில் கல்வெஸ்ரன் பக்கமும், கலிபோர்ணியாவில் சான் பிரான்சிஸ்கோ குடாவிலும் உள்ள உறவுகளும் இதையேதான் சொல்கிறார்கள். நல்ல விசயம். கிழமை முழுக்க மெசின் சத்தத்துக்குள் நிற்கிறவர்களுக்குக் கடற்காற்றுப் போல மருந்து வேறில்லை.

ஆனால் படகில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சோறு, கறி, சோடாப் போத்தல், தூண்டில், பாட்டுப் பெட்டி எல்லாம் இருக்கும். மிதவை அங்கியும் அநேகமாக இருக்கும். றேடியோ இருக்கிறதா என்றால், "ஏன், கையில செல்போன் இருக்குத்தானே" என்பார்கள். அந்தப் பதிலுக்கு மறுமொழி எழுதத்தான் இம்முறை உட்கார்ந்தோம்.

கடல் எங்களுக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். அதை எங்கள் ஊர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டு வந்து, 1938ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கிளாஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மயிலிட்டி, குருநகர், பேசாலை என்று கடலை நம்பி வாழ்ந்த ஊர்கள் எத்தனை! அதே கடலை நாங்கள் இன்னொரு விதமாகவும் அறிவோம். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இருட்டில், குழந்தை அழாமல் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தவர்கள் எங்களில் பலர். அப்போது சத்தம் போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. வெளிச்சம் காட்டக்கூடாது, குரல் கேட்கக்கூடாது. அந்தப் பழக்கம் எங்கள் எலும்பில் ஊறியிருக்கிறது. இந்த நாட்டுக் கடலில் அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இங்கே உரத்துக் கூப்பிடுகிறவன்தான் பிழைப்பான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது கடலுக்கும் பொருந்தும்.

எங்கள் சனத்தின் கதையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், கடும் மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை அந்தப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒருவர்மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டு நாட்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் அங்கே இருப்பது கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஓகஸ்ட் 11ஆம் திகதி சென் ஷொற்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால் கஸ் டால்ரன் என்ற மீனவரின் கண்ணில் அவர்கள் பட்டார்கள். தன் படகில் எல்லோரையும் ஏற்ற முடியாது என்று கண்ட அவர், றேடியோவில் மற்ற மீன்பிடிப் படகுகளையும் கனடிய அதிகாரிகளையும் கூப்பிட்டார். எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

இந்தக் கதையை அந்த மீனவரின் நல்ல மனத்துக்காகவே நாங்கள் எப்போதும் சொல்லுவோம். அது நியாயம். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். கண்ட பிறகு நடந்தவை அதிர்ஷ்டம் அல்ல. அவரிடம் றேடியோ இருந்தது, அதைக் கேட்க மற்றப் படகுகளிலும் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பனிக்குள் அவர் வேறு பாதையால் போயிருந்தால்? அதிர்ஷ்டத்தை நம்பிப் பிள்ளைகளைக் கடலில் ஏற்ற முடியாது.

செல்போனுக்கும் கடல் றேடியோவுக்கும் என்ன வித்தியாசம்? தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். லைனில் ஏதும் பிழைத்தால் சுப்பர்வைசர் போன் எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவதில்லை. இடுப்பில் உள்ள வோக்கி-ரோக்கியை எடுத்து ஒருதரம் சொல்லுவார். போர்க்லிப்ற் ஓட்டுகிறவர், மெக்கானிக், வாசற் காவலாளி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் ஓடிவருவார். கடல் றேடியோவும் இதே மாதிரித்தான். போன் ஒரு ஆளின் காதுக்கு, றேடியோ கூப்பிடு தூரத்தில் உள்ள எல்லோரின் காதுக்கும்.

2013 யூலை 24ஆம் திகதி அதிகாலை, நியூயோர்க் மொன்ராக் துறையிலிருந்து புறப்பட்ட சிங்க இறால் பிடிக்கும் படகிலிருந்து ஜோன் ஓல்ட்ரிஜ் என்பவர் தனியே கடலில் விழுந்துவிட்டார். மற்றவர்கள் நித்திரை. விடிந்த பிறகு ஆளைக் காணவில்லை என்று கண்ட கூட்டாளி, 16ஆம் சனலில் கோஸ்ற் கார்ட்டைக் கூப்பிட்டார். அந்தக் கூப்பிடலை மற்ற மீன்பிடிப் படகுகளும் கேட்டன. தங்கள் தொழிலை விட்டுவிட்டுத் தேட வந்தார்கள். றப்பர் பூட்சுக்குள் காற்றைப் பிடித்து மிதவையாக வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதரை, ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஹெலிகொப்டர் தூக்கியது. ஒரு போன் அழைப்பு அத்தனை படகுகளையும் கூட்டி வந்திராது.

செல்போனில் வேறு குறைகளும் உண்டு. அதன் கோபுரங்களைத் தரையில் உள்ளவர்களுக்காகத்தான் கட்டினார்கள். கரையை விட்டுக் கொஞ்சம் விலகினால் சிக்னல் போய்விடும். ஈரக் கையில் கண்ணாடித் திரை வேலை செய்யாது. பற்றரி பின்னேரத்துக்குள் இறங்கிவிடும். நாங்கள் போனை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அது இரண்டாவது துணை. முதல் துணை றேடியோ.

படகுகளுக்கான இந்த றேடியோவை வி.எச்.எவ். என்று சொல்லுவார்கள். படகில் பொருத்தும் பெட்டிக்கு 25 வோற் சக்தி, கையில் பிடிக்கும் சின்னதுக்கு 5 அல்லது 6 வோற். ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் உள்ள சனல் 16. அதைக் கோஸ்ற் கார்ட் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதன் அலை நேர்கோட்டில் போகும். ஆகவே அன்ரனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் குரல் போகும். பாய்மரப் படகுக்கு இதில் ஒரு வசதி, பாய்மர உச்சியிலேயே அன்ரனாவை வைக்கலாம். அதே இடத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. மரம் முறிந்தால் றேடியோவும் ஊமையாகிவிடும். அதற்காகவே கையில் பிடிக்கும் றேடியோ ஒன்றும் வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். றேடியோ இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது.

1997 டிசம்பர் 29ஆம் திகதி அதிகாலை, தென் கரோலினாவில் சார்ள்ஸ்ரன் துறைமுக வாசல். 'மோர்னிங் டியூ' என்ற 34 அடிப் பாய்மரப் படகு வழி தவறி வெளிக்கடலுக்கு வந்து, துறைமுகக் கல்லணையில் மோதியது. அதில் ஒரு தகப்பனும், அவருடைய இரண்டு மகன்மாரும், உறவுக்காரப் பையன் ஒருவனும் இருந்தார்கள். இரவு 2 மணி 17 நிமிடத்துக்குக் கோஸ்ற் கார்ட் நிலையத்தின் றேடியோவில் ஒரு பையனின் குரல் கேட்டது. ஒருசில வினாடிகள்தான். கடமையில் இருந்தவருக்குத் தங்கள் பெயரைக் கூப்பிட்டது மட்டுமே விளங்கியது. அவர் திருப்பிக் கூப்பிட்டார், பதில் இல்லை. பதிவு நாடாவைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. விடியப்புறம் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கப்பலில் இருந்தவர், தண்ணீருக்குள் இருந்து கூக்குரல் கேட்டதாகச் சொன்னார். துறைமுக வழிகாட்டிகளின் படகு தேடிப்பார்த்தது, கோஸ்ற் கார்ட் படகு புறப்படவில்லை. நாலு பேரும் இறந்துபோனார்கள். பிறகு நாடாவைப் போட்டுக் கேட்டபோது, அந்தப் பையன் "மேடே" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

விசாரணை நடந்தது. முதற் பிழை படகோட்டியினது என்றும், காவற்படையின் கேட்கும் முறையில் பெரிய குறைகள் இருந்தன என்றும் சொன்னார்கள். 2001இல் நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதையில் உறைப்பது வேறொன்று. இங்கிலீசு தாய்மொழியான பிள்ளை, இங்கிலீசு தாய்மொழியான ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்ட சத்தத்துக்குள் அந்த ஒரு சொல் விளங்காமல் போயிருக்கிறது. எங்கே நிற்கிறோம் என்று சொல்ல அவனுக்கு நேரமும் கிடைக்கவில்லை. அப்படியானால் எங்கள் நிலை என்ன? சுப்பர்வைசர் கேட்கும் கேள்விக்கே பாதி விளங்கிப் பாதி விளங்காமல் தலையாட்டுகிற நாங்கள், படகுக்குள் தண்ணீர் ஏறும்போது நீளக்கோடு அகலக்கோடு சொல்லி இங்கிலீசில் கூப்பிடுவோமா? பதறினால் தமிழே வாயில் வராது.

இந்தக் கேள்விக்குத்தான் இன்றைய றேடியோவில் விடை இருக்கிறது. இப்போது விற்கும் படகு றேடியோக்களில், ஒரு சின்ன மூடிக்குக் கீழே சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். டி.எஸ்.சி. என்று இந்த முறைக்குப் பெயர். மூடியைத் தூக்கி, பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் போதும். றேடியோ 70ஆம் சனலில் ஒரு செய்தியை எண்களாக அனுப்பும். இன்ன படகு, இன்ன இடம், இன்ன நேரம், ஆபத்து. கோஸ்ற் கார்ட் நிலையத்தில் மணி அடிக்கும். சுற்றிவர நிற்கிற, இதே வசதி உள்ள படகுகளிலும் கப்பல்களிலும் மணி அடிக்கும். யாராவது ஏற்றுக்கொள்ளும்வரை ஏறத்தாழ நாலு நிமிடத்துக்கு ஒருதரம் தானாகவே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் வேலைத்தலத்தில் ஒவ்வொரு மெசினிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டல்லவா? அதை அடிக்க எந்த மொழியும் தேவையில்லை. தமிழன் அடித்தாலும் ஸ்பானிஷ்காரன் அடித்தாலும் மெசின் நிற்கும். கடலில் உள்ள பொத்தானும் அப்படித்தான். அதற்கு உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலையில்லை. பத்து வயதுப் பிள்ளையாலும் அழுத்த முடியும். படகோட்டுகிற தகப்பனே தண்ணீருக்குள் விழுந்தாலும் தாய் அழுத்தலாம்.

கேட்கிற பக்கமும் மாறிவிட்டது. மோர்னிங் டியூ துயரத்தின் பிறகு, 'றெஸ்கியூ 21' என்ற புதிய கேட்கும் முறையைக் கோஸ்ற் கார்ட் நிறுவத் தொடங்கியது. அது முதன்முதலில் வேலைக்கு வந்த இடங்களில் எங்கள் நியூ ஜேர்சியின் அத்லாண்டிக் சிற்றியும் ஒன்று, 2005 டிசம்பரில். தண்ணீரிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் உள்ள வெறும் ஒரு வோற் றேடியோவையும் 20 கடல் மைலுக்கு அப்பால் கேட்கும்படி அதைத் திட்டமிட்டார்கள். குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கோபுரங்கள் கோடு போட்டுக் காட்டும். இரண்டு கோபுரம் கேட்டால் இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் படகு. விளங்காத குரலை உடனே திரும்பப் போட்டுக் கேட்கலாம். 1997இல் அந்தப் பையனுக்கு இல்லாத வசதிகள் இவை. எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கின்றன. போனில் கூப்பிட்டால் இந்தக் கோபுரங்கள் எதுவும் உதவா.

ஆனால் இங்கே ஒரு கவனிப்பு வேண்டும். றேடியோவைக் கடையில் வாங்கிப் பொருத்தியதோடு வேலை முடியவில்லை. அநேகர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். 2010இல் கோஸ்ற் கார்ட் விடுத்த எச்சரிக்கையில், தங்களுக்கு வரும் டி.எஸ்.சி. ஆபத்து அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் இடம் இல்லை, நூற்றுக்கு அறுபது அளவில் பதிவு செய்த அடையாளம் இல்லை என்று சொன்னது. அதாவது, யாரோ எங்கோ கத்துகிறார்கள் என்பதே செய்தி. ஊமை கண்ட கனவு மாதிரி. ஆகவே செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, எம்.எம்.எஸ்.ஐ. எண். இது ஒன்பது இலக்கம். படகுக்கு அடையாள அட்டை மாதிரி. போட்-யு.எஸ். போன்ற படகோட்டிகள் அமைப்புகளிடம் பெறலாம். படகின் பெயர், நிறம், நீளம், கரையில் யாருக்கு அறிவிப்பது என்ற விபரமெல்லாம் அதில் பதியும். நிரப்பும்போது பிழையில்லாமல் நிரப்புங்கள். எண்ணை றேடியோவில் ஏற்றும்போதும் இரண்டுதரம் சரிபாருங்கள், பிழைத்தால் நீங்களே திரும்ப மாற்றுவது கடினம். அமெரிக்கக் கரையோரம் மட்டும் ஓடும் சிறு படகுக்கு றேடியோ லைசன்ஸ் தேவையில்லை. கனடாப் பக்கம் போய் வர எண்ணுகிறவர்கள் மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்திடம் லைசன்சும் எண்ணும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, இடம் அறியும் ஜி.பி.எஸ். சில றேடியோக்களில் அது உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் தனி ஜி.பி.எஸ். கருவியிலிருந்து வயர் இழுத்து இணைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சிவப்புப் பொத்தான் பாதி ஊமை. வாங்கும்போதே உள்ளே ஜி.பி.எஸ். உள்ளதாக வாங்குங்கள். இருநூறு டொலர் அளவிலேயே கிடைக்கும். நாலு குடும்பம் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஐம்பது டொலர்.

மூன்றாவது, உடம்போடு ஒரு றேடியோ. 2012 ஏப்ரல் 14ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே பரலோன் தீவுகளைச் சுற்றிவரும் பாய்மரப் போட்டியில், 'லோ ஸ்பீட் சேஸ்' என்ற படகைப் பேரலை அடித்துப் பாறையில் ஏற்றியது. எட்டுப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் கடலறிந்தவர்கள். அலை ஆட்களைத் தண்ணீருக்குள் தூக்கி வீசினால், படகுச் சுவரில் உள்ள றேடியோ எட்டாது. தண்ணீர் புகாத சின்ன றேடியோவை மிதவை அங்கியில் கட்டிவைத்தால்தான் கைக்கு வரும்.

நாலாவது, வானிலை. இந்த றேடியோவில் வானிலைக்கென்று தனிச் சனல்கள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் சத்தமிட்டு எழுப்பும் வசதியும் உண்டு. இதன் பெறுமதி கன்னியாகுமரி மீனவக் குடும்பங்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் நின்ற எத்தனையோ படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. கரையில் எச்சரிக்கை இருந்தும் கடலில் காது இல்லை.

ஒக்கி இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. வி.எச்.எவ். கரையோரத்துக் கருவி. இருபது, இருபத்தைந்து மைலுக்கு வெளியே போகிறவர்கள் அதை மட்டும் நம்பக் கூடாது. செய்மதிக்குச் சைகை அனுப்பும் 406 மெகாஹேட்ஸ் ஆபத்து மிதவை அவர்களுக்கு வேண்டும். அதையும் பதிவு செய்ய வேண்டும், பதிவுக்குக் காசில்லை.

பொத்தானை அழுத்திய பிறகு 16ஆம் சனலில் வாயாலும் சொல்ல வேண்டும். இதற்குத் தெரிய வேண்டிய இங்கிலீசு மிகக் கொஞ்சம். "மேடே, மேடே, மேடே" என்று மூன்றுதரம். "திஸ் இஸ்" என்று சொல்லிப் படகின் பெயர் மூன்றுதரம். பிறகு எங்கே நிற்கிறீர்கள், என்ன நடந்தது, எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள். கடைசியில் "ஓவர்". பொத்தானிலிருந்து விரலை எடுத்தால்தான் மற்றவர் பேசுவது கேட்கும், இதைப் பலர் மறந்துவிடுவார்கள். மேடே என்பதே இங்கிலீசு இல்லை. எனக்கு உதவுங்கள் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. உலகம் முழுக்க எல்லா மொழிக்காரரும் சொல்லும் சொல் அது. பாரிசில் இருக்கும் உங்கள் மச்சானும் அதையேதான் சொல்ல வேண்டும். இந்த வசனங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு, றேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

16ஆம் சனலில் ஊர்க்கதை கதைக்கக் கூடாது. றேடியோ வேலை செய்கிறதா என்று சோதிப்பதும் அதில் கூடாது. படகுக்குப் படகு கதைக்க 68, 69, 71, 72 என்று வேறு சனல்கள் இருக்கின்றன. அதில் தாராளமாகத் தமிழில் கதையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பொத்தானைக் காட்டும்போதே விளையாட்டு இல்லை என்றும் சொல்லிவையுங்கள். 2012 யூன் 11ஆம் திகதி, எங்கள் சாண்டி ஹூக்குக்கு வெளியே ஒரு உல்லாசப் படகு வெடித்துவிட்டது, 21 பேர் தண்ணீரில் என்று ஒரு குரல் றேடியோவில் வந்தது. ஹெலிகொப்டர்களும் படகுகளும் மணிக்கணக்கில் தேடின. கரையில் அம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. படகும் இல்லை, ஆட்களும் இல்லை. கூப்பிட்டவன் தரையிலிருந்தே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று பிறகு கோஸ்ற் கார்ட் சொன்னது. பொய் அழைப்பு இந்த நாட்டில் பெருங்குற்றம். சிறை, 250,000 டொலர் வரை தண்டம், தேடுதலுக்கான செலவும் தலையில். அதைவிடப் பெரிது, அந்த நேரத்தில் உண்மையாகவே ஒருவர் கூப்பிட்டிருந்தால் என்ன கதி? தெரியாமல் கைபட்டு அழுத்திவிட்டால் பயந்து றேடியோவை மூடிவிட்டு இருக்க வேண்டாம். உடனே 16இல் கூப்பிட்டுத் தவறுதலாகப் பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். சொன்னால் பிரச்சினை இல்லை, சொல்லாமல் விட்டால்தான் தேடி வருவார்கள்.

கடைசியாக ஒன்று. இதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஆனால் மனதுக்குள் இருப்பது எங்களுக்குத் தெரியும். "காவற்படையைக் கூப்பிடுவதா? எங்கட பேப்பர் இன்னும் சரிவரேல்லை." கடலில் சீருடையும் துவக்கும் கண்டு வளர்ந்த சனம் நாங்கள். காவற்படை என்றதும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். கோஸ்ற் கார்ட் 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருப்பதும் உண்மை, மறைக்கவில்லை. ஆனால் கடலில் ஆபத்தில் உள்ளவரை, அவர் எந்த நாட்டவர், என்ன நிலையில் உள்ளவர் என்று பாராமல் காப்பாற்ற வேண்டும் என்பது நாடுகள் ஒப்புக்கொண்ட கடற்சட்டம். பேப்பர் கதையைக் கரையில் வைத்துச் சட்டத்தரணியோடு கதைக்கலாம். அதற்கு முதலில் ஆள் உயிரோடு கரைக்கு வர வேண்டும். பேப்பருக்குப் பயந்து பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுக்காதீர்கள்.

வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சின்னது. இந்தக் கோடையில் படகு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். படகு கரையில் கட்டியிருக்கும்போதே எல்லோரும் ஏறுங்கள். மூடியைத் தூக்கி, அழுத்தாமல், சிவப்புப் பொத்தானைக் காட்டுங்கள். மட்டையில் உள்ளதை மனைவியும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக உரத்து வாசிக்கட்டும். படகோட்டுகிற ஒருவருக்கு மட்டும் தெரிந்த றேடியோ, அவர் விழுந்த அன்று யாருக்கும் உதவாது. றேடியோ வாங்காதவர்கள் வாங்கும்வரை கரையில் நின்றே தூண்டில் போடுங்கள். மீன் அங்கேயும் பிடிபடும்.

எண் பதிவது, வயர் இணைப்பது போன்றவற்றில் சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். எங்களோடு வேலை செய்கிறவர்களில் மின்சார வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டு, அடுத்த இதழில் பதில் எழுதுகிறோம்.